தெர்மாகோலுக்கு மேலே

அன்புள்ள பாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதி எழுதிப் பழகிய கை இது. இந்த முறை அந்த வரியை எழுத வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நீ புனேயிலிருந்து வந்து, திருவாலங்காட்டில் தாய் வீட்டில் இருக்கிற கவிதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கூட்டிக்கொண்டு வராதே. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் உங்கம்மா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், நானும் அங்கே மழை பெய்கிறதா, கம்பெனியில் சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போன சனிக்கிழமை செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டேன். நீ "சொல்லு நைனா" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும் சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். காகிதத்துக்கு முன்னால் எனக்கு அவ்வளவு வெட்கமில்லை.

நம் வீட்டைப் பற்றி நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். புதுவாயலில் இறங்கி நம் காலனிக்குள் வந்தால், "கம்மி துட்டுல ஊட்ட எப்டி வெச்சிக்கினுகீறாரு பாரு" என்று என்னைத்தான் காட்டுவார்கள். அந்தப் பேச்சுக்கு நான் அடிமையாகிப் போனேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் இரும்பு மில்லுக்கு மிஷின் வந்த மரப்பெட்டிகளை வாங்கி வந்து, ஆணி பிடுங்கி, இழைத்து, ஷோகேஸ் செய்தேன். மார்பிள் கடைக்காரன் வெளியே கொட்டி வைத்திருந்த உடைந்த துண்டுகளைச் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஹாலில் பூக்கோலம் மாதிரி பதித்தேன், நீதான் நிறம் பிரித்துக் கொடுத்தாய். உங்கம்மாவின் கல்யாணப் புடவைகளுக்கு அடுத்தபடியாக இருந்த புடவைகளெல்லாம் ஜன்னல் திரையாயின. பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் மிச்சம் மீதி டப்பாக்களைக் கேட்டு வாங்கி, ஒன்றோடு ஒன்று கலக்கி, யார் வீட்டிலும் இல்லாத ஒரு நிறத்தைச் சமையலறைக்கு அடித்தேன். அது என்ன நிறம் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. இதிலெல்லாம் தப்பில்லை, பாலு. நீயும் நாளைக்கு உன் வீட்டுக்குச் செய், கையில் காசு இல்லை என்பதற்காக மூளியாக வாழ வேண்டியதில்லை. ஆனால் நான் கண்ணுக்குத் தெரிகிற இடத்தையெல்லாம் அலங்கரித்தேன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோட்டை விட்டேன். கோட்டை விட்டேன் என்பதுகூடச் சரியில்லை. தெரிந்தே செய்தேன்.

நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டோம். அப்போது ரோலிங் மில்லில் எனக்கு என்ன வேலை என்று உனக்கு நினைவிருக்கும். சூடு ஆறி வருகிற கம்பிகளைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. விரிசல் விட்டது, எடை குறைந்தது, உருட்டும்போது மடிப்பு விழுந்தது, இதையெல்லாம் ஒதுக்கி, முனையில் சிவப்பு பெயிண்ட் தொட்டு வைப்பேன். சிவப்பு வைத்த கம்பி கட்டடத்துக்குப் போகக் கூடாது, திரும்ப உலைக்குத்தான் போக வேண்டும். அதில் கொஞ்சத்தை வேலி போட, பந்தல் கட்ட என்று கேட்கிற தொழிலாளிகளுக்குப் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பார்கள். நானும் வேலி போட என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன். நம் அரை கிரவுண்டைச் சுற்றி வேலியே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அத்தனையும் தலைக்கு மேலே போயிற்று. இருபது வருஷம் கம்பியோடு பழகியவன், எந்த மடிப்பு ஆபத்து, எது ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர். கட்டு பிரித்தபோது மேஸ்திரி முனையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, கம்பில செவப்பு கீது?" என்று கேட்டார். "அது சும்மா, ஷிப்டு அடையாளம்" என்றேன். என்னை நம்பிக் கட்டினார். கம்பி ஆள் சொல்கிறானே என்று நம்பினார்.

அதோடு விட்டேனா? கையில் இருந்த பணம் தீர்ந்து போய், கட்டுவதற்கு முன்பே கம்பி ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் தரையில் கிடந்தது. பழவேற்காடு பக்கத்திலிருந்து அடிக்கிற உப்புக் காற்றில் புத்தம்புது சைக்கிளே ஒரு வருஷத்தில் செத்துப்போகிற ஊர் இது. தளம் போட்ட பிறகு அது இறுகத் தண்ணீர் கட்ட டேங்கர் வாங்குங்கள் என்று மேஸ்திரி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் நம் போர் தண்ணீரையே விட்டேன், வாயில் வைத்தால் கரிக்கிற அந்தத் தண்ணீரை. டேங்கருக்கு வைத்திருந்த பணத்தில்தான் வாசல் கதவில் தாமரைப்பூ செதுக்கினேன். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தடவிப் பார்க்காமல் போனதில்லை. தளத்தை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

எட்டாவது வருஷமே நடு அறையில் மேலே ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. மழைத்தண்ணீர் கறை நேராகப் போகாது, கோணல்மாணலாகத்தான் பரவும். நேராக வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது என்று அர்த்தம், இது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் என்ன செய்தேன்? சுண்ணாம்பு அடித்தேன். அடுத்த தீபாவளிக்குக் கோடு திரும்ப வந்தது, டிஸ்டெம்பர் அடித்தேன். அதற்கும் அடுத்த வருஷம் காரை உரிந்து கையகலத்துக்கு விழுந்தது, பட்டி பார்த்து, தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங் கொடுத்தேன். உங்கம்மா, "ஏங்க, வருஷா வருஷம் அந்த ஒரு எடத்துக்கே பெயிண்ட் அடிச்சிக்கினு கீறீங்களே" என்றாள். ஈரம் என்றேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதைக் கல்லில் வெட்டி வைத்துக்கொள். வாடகை வீடோ சொந்த வீடோ, ஒரே இடத்துக்கு இரண்டாவது முறை பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தால் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிடு. மாடிக்குப் போ. தண்ணீர் எங்கே தேங்குகிறது, குழாய் வாயில் என்ன அடைத்திருக்கிறது, எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று உட்கார்ந்து பார். ஐப்பசி பிறக்கும் முன் மாடியைப் பெருக்குவது வாசலில் கோலம் போடுவதைவிட முக்கியமான அலங்காரம். யாரும் பாராட்ட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பிறகு உனக்குப் பெண் பார்த்தோம். சம்மந்தி வீட்டார் நம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் அந்தக் கோடு ஒன்று மூன்றாகியிருந்தது, ஓரிடத்தில் கம்பியே வெளியே தெரிந்தது. அப்போது மில்லில் ஆர்டர் இல்லாமல் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள், என்னைப் போன்ற பழைய ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தளத்தைப் பிரித்துப் போட எனக்கு வக்கில்லை. பத்து நாளில் மரச்சட்டம் அடித்து, வெள்ளைத் தெர்மாகோல் அட்டைகளை வரிசையாகப் பொருத்தி, ஓரத்துக்குத் தங்கக்கலர் டேப் ஒட்டினேன். நடுவில் தூளி கட்டுகிற கொக்கிக்கு மட்டும் வட்டமாக ஓட்டை விட்டேன். தளம் போட்ட அன்றைக்கு உங்கம்மா ஆசைப்பட்டுக் கேட்டு வைத்த கொக்கி அது. பார்க்க ஆபீஸ் ரூம் மாதிரி இருந்தது. நீகூட, "சூப்பரா கீது நைனா" என்று போட்டோ எடுத்தாய்.

சம்மந்தி வந்தார். வயலில் நிற்கிற மனிதர், எதையும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர். மேலே பார்த்து, "இது இன்னாத்துக்கு சம்மந்தி, வெயிலுக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க, கூலா இருக்கும்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே, "எங்க ஊடு ஓட்டு ஊடு. மழைன்னா பாத்திரம் வெச்சிப் புடிக்கணும். பொண்ணு மச்சு ஊட்டுக்குப் போறான்னு அவங்கம்மாவுக்கு அப்டி ஒரு சந்தோஷம்" என்றார். நான் காபி எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அந்த ஓட்டு வீட்டில் அவள் பத்திரமாக இருந்தாள், பாலு. இருபத்திரண்டு வருஷம் பத்திரமாக இருந்தாள்.

இனி எழுதப் போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. கல்யாணமாகி நீ புனே திரும்பிப் போன பிறகு கவிதா நம்மோடு இருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்து வந்து, "மாமா, மேல தெர்மாகோல்ல என்னமோ தொப்புனு விழுந்துது. எலி ஓடுதுன்னு நெனைக்கிறேன்" என்றாள். "ஆமாம்மா, எலிதான். வயக்காட்டு எலி, சைஸ் பெருசு" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. எலி என்ற வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்தாள், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாயந்திரம் எலிப்பொறி வாங்கி வந்து, அவள் பார்க்க அதில் கருவாட்டுத் துண்டு வைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். "காத்து இந்தப் பக்கம் நல்லா வருதும்மா" என்று சொல்லி அவள் கட்டிலை மூலைக்கு நகர்த்தினேன். வளைகாப்பு முடிந்து அவள் தாய் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அந்த அறையில்தான் தூங்கினாள். வயிற்றில் உன் பிள்ளையோடு தூங்கினாள். நான் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து போய், அம்மா, இந்த ரூமில் படுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் கிளம்பின மறுநாள் அட்டையைக் கழற்றினேன். டிபன் தட்டு அளவுக்கு ஒரு காங்கிரீட் சில்லு உட்கார்ந்திருந்தது, தூக்கிப் பார்த்தேன், மூன்று கிலோவுக்குக் குறையாது. அதைக் கொண்டுபோய்க் குட்டையில் போட்டுவிட்டு, அட்டையில் விழுந்த விரிசலுக்கு மேல் குழந்தைகளுக்கு விற்கிற மின்னுகிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். உங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, பேத்திக்காக ஒட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் புதுத் தூளி கட்டினால் குழந்தைக்கு முன்னால் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டுவது வழக்கம் அல்லவா. உங்கம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, அவளுடைய பச்சைக் காட்டன் புடவையைக் கொக்கியில் முடிந்து, குழவிக்கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, துண்டில் சுற்றி உள்ளே படுக்க வைத்தாள். எதிர்வீட்டு எல்லம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். நகருங்கள் என்று சொல்ல அறை வாசல் வரை வந்தேன், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இருவரும் மாறி மாறி ஆட்டினார்கள். விழவில்லை. கொக்கி அசையவே இல்லை. உங்கம்மா என்னைப் பார்த்து, "பாருங்க, நீங்க போட்ட கம்பி. யானையையே கட்டலாம்" என்றாள். எல்லம்மா, "அண்ணன் கை வெச்சா சும்மாவா?" என்றாள். கல்லை வெளியே எடுத்தபோது சுற்றின துண்டின் மேல் சிவப்பாகத் தூள் உதிர்ந்து கிடந்தது. ஒட்டடை என்று சொல்லி உங்கம்மா உதறிவிட்டாள். அது துரு. விழுந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, பாலு. கல்லோடு போயிருக்கும். இப்போது கல் ஜெயித்துவிட்டது, அடுத்தது குழந்தை என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆறு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் சொல்லலாம் என்று போவேன், அவள் குழந்தைக்கு உரை மருந்து காயவைத்துக்கொண்டிருப்பாள், திரும்பி வந்துவிடுவேன். ஒரு தடவை, கொக்கியில் மட்டும் கட்ட வேண்டாம், கம்பித் தொட்டில் வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். "சும்மா பேஜாரு பண்ணாதீங்க, கல்லு போட்டு ஆட்டியாச்சு, இனிமே மாத்தக் கூடாது" என்று முடித்துவிட்டாள். தொட்டிலை மாற்றி என்ன ஆகப்போகிறது? அந்தத் தளம் முழுக்கத்தானே அப்படி இருக்கிறது. குழந்தை தரையில் தவழ்ந்தாலும் அதற்குக் கீழேதான் தவழும். கவிதா பால் கொடுக்க உட்கார்ந்தாலும் அதற்குக் கீழேதான்.

இன்று காலை உங்கம்மா குழந்தைக்கு வளையலும் கருப்புக் கயிறும் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருக்கிறாள். அவள் தெருவைத் தாண்டின உடனே நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நட்சத்திரம் ஒட்டின அட்டை, தங்கக்கலர் டேப், சட்டம் எல்லாவற்றையும் பிடுங்கினேன். கொக்கியைச் சுற்றிக் கடப்பாரையால் தட்டலாம் என்று இடது கையால் அதைப் பிடித்தேன். தட்டவே இல்லை. நான் என் உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் அதன்மேல் சாய்த்தேன், அவ்வளவுதான், என் கையோடு வந்துவிட்டது. கூடவே இரண்டு கூடை காங்கிரீட். ஒரு துண்டு தோளில் பட்டது, பெரிய அடியில்லை, பயப்படாதே. கம்பியைப் பார்த்தேன். விரல் கனம் போட்டது பென்சில் கனத்துக்கு இளைத்து, அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. கீழே, சரியாகத் தூளி தொங்குகிற இடத்தில் அந்தக் குவியல் கிடந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். உன் பாட்டனார் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

நான் இப்போது கெஞ்சுகிறேன். பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். சிமெண்ட் தரை, வெள்ளையடித்த சுவர், ஒரே ஜன்னல். அழகு என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. வீட்டுக்காரரிடம் முதலில் மாடியைக் காட்டுங்கள் என்றேன். "எல்லாரும் பாத்ரூமைத்தான் கேப்பாங்க, நீங்க இன்னா மாடியக் கேக்குறீங்க?" என்று சிரித்தார். ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தேன், தளம் கல்லு மாதிரி கணீரென்கிறது. வாடகைக்கு நீ கவலைப்படாதே, புதுவாயலில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள். கவிதாவும் குழந்தையும் அங்கே வரட்டும், இல்லையென்றால் திருவாலங்காட்டிலேயே இருக்கட்டும். எது உனக்குச் சரியென்று படுகிறதோ அதைச் செய். இங்கே மட்டும் வேண்டாம். நீ தனியாக ஒரு நாள் வந்தால் போதும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தளத்தை இறக்கிவிடலாம், எனக்கு ஒற்றை ஆளாக முடியாது. சம்மந்தியிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன், நீ முந்திக்கொண்டு எதையும் சமாளித்து வைக்காதே. கவிதாவிடம் எலி இல்லை என்று சொல்ல வேண்டும். அதையும் நானே சொல்கிறேன். அவள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம்.

குழந்தையை நான் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தது, அவ்வளவுதான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இந்த ஐந்து மாதமும் அவள் இந்த வீட்டுக்குள் வருகிற நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது வரவேண்டாம் என்று எழுதுகிறேன்.

மணி ஒன்று ஆகப்போகிறது. உங்கம்மா வருகிற நேரம். குவியலை அள்ளிக் கொட்டிவிட்டு அட்டையைத் திரும்ப மாட்ட அரைமணி நேரம் போதும், என் கைக்கு அந்த வேலை பழக்கம்தான். அப்படி மாட்டிவிடுவேனோ என்று பயந்துபோய், அட்டைகளையெல்லாம் சமையலறைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டேன். கேட் சத்தம் கேட்கிறது. "இன்னாங்க, கருகின நாத்தம் வருது?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். நடு அறைக்குள் அவள் காலை வைக்கும் முன் நான் போய்க் கையைப் பிடிக்க வேண்டும்.

உன் அப்பா